அந்தப் பெட்டியில் மட்டும் ஓடும்

1

ஊரிலிருந்து திரும்பி நான்கு வாரம் ஆகிறது. சேலையூரில் இருக்கும் என் மாமனார் இந்த நான்கு வாரத்தில் என்னிடம் நேராகச் சொன்ன வாக்கியங்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. என்னிடமும் கோபம் இருக்கிறது. அதை யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

சண்டை, டிவி நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்து வைத்ததைப் பற்றி. இதைச் சொன்னால் இங்கே இருக்கும் நண்பர்கள் சிரிக்கிறார்கள். "டிவிக்கா மாமனாரோட பேச்சு வார்த்தை இல்லை?" என்கிறார்கள். சிரிக்கட்டும். இதைப் படிக்கும் வீடுகளில் எங்கேயாவது ஒரு பெரியவர், கடல் தாண்டி இருக்கும் பேரக்குழந்தைக்காக ரிமோட்டில் சிவப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கலாம். அவருக்காக எழுதுகிறேன்.

2

நாங்கள் ஜெர்மனியின் தெற்கே ஒரு நடுத்தர ஊரில் ஏழு வருடமாக இருக்கிறோம். என் கணவர் பிரவீனுக்கு மென்பொருள் வேலை. எனக்கு ஓர் அலுவலகத்தில் பாதி நேர வேலை. மகள் இனியா இங்கேயே பிறந்தவள். ஆறு வயது.

இங்கே குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பதற்கு முன்னால் அரசாங்கத்தில் கூப்பிட்டுப் பரிசோதிப்பார்கள். கண், காது, உயரம், பேச்சு. போன வருடம், ஐந்து வயதில், இனியாவைக் கூட்டிப்போனபோது விண்ணப்பத்தில் 'வீட்டில் பேசும் மொழி' என்ற இடத்தில் தமிழ் என்று எழுதியிருந்தேன். பரிசோதித்த அம்மாள் இனியாவைப் பார்த்து, உன் வீட்டு மொழியில் ஏதாவது சொல் என்றார். அவள் வாயைத் திறக்கவில்லை. "ஒண்ணு ரெண்டு சொல்லு இனியா" என்றேன். அவள் ஒன்று முதல் பத்து வரை ஜெர்மனில் சொன்னாள்.

'என் மகள் வெட்கப்படுகிறாள்' என்று சொல்ல நினைத்து, பதற்றத்தில் 'என் மகளை நினைத்து வெட்கப்படுகிறேன்' என்று ஜெர்மனில் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, நான் எழுதியிருந்த தமிழ் என்ற சொல்லின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ஜெர்மன் என்று எழுதினார். அவர் எந்தக் கெட்ட எண்ணத்திலும் அதைச் செய்யவில்லை. கண்ணால் கண்டதை எழுதினார், அவ்வளவுதான். அந்தக் கோட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சூடாகிறது.

அந்த வருடக் கோடை விடுமுறைக்கு இனியாவோடு ஊருக்குப் போனேன். மாமா திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மதியம் சாப்பிட்டதும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். மூன்றரைக்குக் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி ஒன்று வரும். அதில் ஒரு கழுதை பொம்மை. யார் என்ன வேலை சொன்னாலும் "இன்னிக்கு எனக்கு லீவு!" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளும். இனியா அதன் முன்னால் அசையாமல் உட்கார்ந்தாள். பத்தாம் நாள் காலையில் அத்தை இட்லித் தட்டோடு வந்து, "வாம்மா, சாப்புடு" என்றார். இனியா தரையில் படுத்துக்கொண்டு சொன்னாள்: "இன்னிக்கு எனக்கு லீவு!"

அத்தை சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "உன் புருஷனும் ஆறு வயசுல இப்படித்தான் படுத்துக்குவான், வாய் மட்டும் அப்ப தொறக்காது" என்றார் அத்தை. என் மகள் பேசிய முதல் முழுத் தமிழ் வாக்கியம் அது. ஐந்து வாரத்தில் இன்னும் நாற்பது, ஐம்பது வாக்கியங்கள் வந்தன. விமானம் ஏறி இரண்டு மாதத்தில் எல்லாம் போய்விட்டன.

3

மாமாதான் யோசனை சொன்னார். அவர் வீட்டுப் பெட்டியில், டிவிக்குக் கீழே இருக்கும் அந்த செட்டாப் பாக்ஸில், ஹார்ட் டிஸ்க் செருக ஓர் ஓட்டை இருந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஓடும் நிகழ்ச்சி அதில் பதிவாகும்.

"டெய்லி புடிச்சு வெக்கிறேம்மா. யாராச்சும் அங்க வந்தா குடுத்து வுடறேன். பாப்பா பாக்கட்டும்."

நான் எதற்கும் யோசிக்கிறவள். "இப்படிப் பதிவுபண்ணி அனுப்புறது சரியா மாமா? அவங்க நிகழ்ச்சியாச்சே?" என்று கேட்டேன்.

"இன்னாம்மா பேஜார் பண்றே? மாசா மாசம் பணம் கட்டித்தானே பாக்குறோம்? நான் மூணரைக்குப் பாக்குறத எம் பேத்தி ஆறரைக்குப் பாக்கப் போறா. விக்கவா போறேன்?"

எனக்கும் அது சரி என்றே பட்டது. இன்றும் அதில் தவறு இருப்பதாக நினைக்கவில்லை. வாடகைக்கு எடுத்த புத்தகத்தையே அப்பா படித்து முடித்ததும் அம்மா படிப்பார், நான் படிப்பேன். யாரும் அதைத் திருட்டு என்று சொன்னதில்லை.

அன்றிலிருந்து திங்கள் முதல் வெள்ளி வரை மாமா மூன்றரைக்கு வீட்டில்தான் இருந்தார். பெட்டியைத் தானாகப் பதிவுசெய்ய வைக்கலாம். ஆனால் நடுவில் கரண்ட் போனால் பெட்டி அணைந்து எல்லாம் கெட்டுவிடும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். கண் டாக்டரிடம் போகும் நேரத்தைக் காலைக்கு மாற்றினார். படப்பையில் ஒரு கல்யாணம். சாப்பிட்ட கையோடு பஸ் ஏறிவிட்டாராம். "பந்தியில எல்லாரும் கேக்குறாங்க, ஏன் ஓடுறாருன்னு. கழுதைக்கு நேரமாச்சுன்னேன்" என்று அத்தை போனில் சொன்னார்.

4

முதல் டிஸ்க், ஊருக்குப் போய்வந்த ஒருவர் மூலம் எங்களிடம் வந்து சேர்ந்தது. மாமா அதை ஒரு பழைய துண்டில் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை போட்டு, அதற்கு மேல் டேப் ஒட்டியிருந்தார். டிவியில் செருகினோம். ஒன்றும் வரவில்லை. கணினியில் செருகினோம். இந்த டிஸ்கைப் படிக்க முடியவில்லை, அழித்துப் புதிதாக்கவா என்று கேட்டது.

மாமாவின் இணைப்பு நிறுவனத்துக்கு இணையத்தில் எழுதிக் கேட்டேன். பதில் உடனே வந்தது. அன்புள்ள வாடிக்கையாளரே, பதிவுகள் பதிவுசெய்த பெட்டியில் மட்டுமே இயங்கும். இது உள்ளடக்கத்தின் பாதுகாப்புக்காக. வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?

வேண்டும். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று தெரிய வேண்டும். மாதம் தவறாமல் கட்டணம் கட்டும் எழுபது வயது மனிதரிடமிருந்தா? ஒரு கழுதை பொம்மையைப் பார்க்க நினைத்த ஐந்து வயதுக் குழந்தையிடமிருந்தா? பதிவுசெய்ய ஓட்டையும் வைப்பார்கள், பொத்தானும் வைப்பார்கள். பதிவானது உங்களுடையது இல்லை என்பதை மட்டும், யாரும் படிக்காத ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் போட்டுவிடுவார்கள்.

சேனலின் செயலியைத் தேடினேன். பணம் கட்டத் தயார் என்று கார்டை எடுத்து வைத்துக்கொண்டேன். 'இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது.' எடுக்காதே என்பார்கள், சரி. வாங்கிக்கொள்கிறேன் என்றால் விற்கவும் மாட்டார்கள். இத்தனைக்கும் நாங்கள் இருக்கும் நாட்டில், டிவி இல்லாத வீடும் டிவிக்குக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் கட்டணம் கேட்கும் கடிதம் மட்டும் எந்தப் பகுதியிலும் தவறாமல் கிடைக்கிறது.

பம்மல்காரி ஜாஸ்மின், இங்கே எங்களுக்கு நெருங்கிய தோழி. அவளிடம் சொன்னேன்.

"இதுக்கா மூஞ்ச தூக்கி வெச்சிருக்க? எங்க வீட்ல இருக்கிற மாதிரி ஒரு பெட்டி வாங்கு. உலகத்துல இருக்கிற எல்லா சேனலும் வரும்."

"அது திருட்டுப் பெட்டி, ஜாஸ்மின்."

"ஆமா, நீ பெரிய நீதிபதி. பூட்டை உடைக்கிற சாப்ட்வேர் இருக்காம், அதையாவது உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லித் தேடச் சொல்லு."

இதே ஜாஸ்மின் வீட்டுக்குத்தான், வந்த புதிதில் ஒரு படத்தை இணையத்தில் இறக்கியதற்காக வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. அவள் அழுதுகொண்டே எங்கள் வீட்டுக்கு வந்ததை நான் மறக்கவில்லை. இங்கே சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுக்கலாம், ஆனால் பூட்டை உடைத்து எடுக்கக் கூடாது என்று படித்தேன். மூன்று நாள் யோசித்தேன். எங்கள் விசா, பிரவீனின் வேலை, போலீஸ், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மனதில் வந்தன. பிரவீனிடம் தேட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பூட்டை உடைப்பது தப்பா என்று மூன்று நாள் யோசித்த நான், அடுத்த காரியத்துக்கு மூன்று நொடிகூட யோசிக்கவில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் மாமா வந்தார். போனை மிக அருகில் வைத்திருந்ததால் திரை முழுக்க அவருடைய மூக்கும் கண்ணாடியும்தான்.

"ஓடுதாம்மா?"

கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த பிரவீன் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். முந்தின நாள்தான் சொல்லியிருந்தார்: "அப்பாகிட்ட சொல்லாத. உடைஞ்சிடுவாரு."

"ஓடுது மாமா. நல்லா ஓடுது."

"பாப்பா சிரிச்சாளா?"

"விழுந்து விழுந்து சிரிச்சா."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பொய். எந்தக் கதை பிடித்தது என்று கேட்பார். மழை கதை என்பேன். மழை வராத குழந்தைகள் நிகழ்ச்சி எங்கே இருக்கிறது? "அது முப்பத்தி ரெண்டாவது நாள்" என்று அவர் சந்தோஷமாகச் சொல்வார். இனியாவைக் கூப்பிடச் சொன்னால், தூங்குகிறாள், விளையாடப் போயிருக்கிறாள் என்பேன். என் பொய்யைக் காப்பாற்ற, தாத்தாவிடமிருந்து குழந்தையைத் தள்ளி வைத்தேன். அவளுக்குத் தமிழ் வர வேண்டும் என்றுதான் எல்லாமே ஆரம்பித்தது.

பிப்ரவரியில் அந்த நிகழ்ச்சியைச் சேனல் நிறுத்திவிட்டது. "அவுங்க நிறுத்துனா இன்னா, மொத்தமும் நம்மகிட்ட கீது" என்றார் மாமா. இரண்டாவது டிஸ்க்கும் நிரம்பிவிட்டதாம். நீங்க வரும்போது எடுத்துக்குனு போங்க என்றார்.

எனக்கு ஒரு திட்டம் இருந்தது. ஊருக்குப் போகும்போது முதல் டிஸ்கையும் கொண்டுபோவது. அவருடைய பெட்டியிலேயே ஓட்டி, அவர் இல்லாத நேரங்களில் டிவிக்கு எதிரே என் போனை வைத்துப் படம்பிடித்துவிடுவது. படம் கொஞ்சம் மங்கலாக வரும், பரவாயில்லை. அவருக்குத் தெரியாமலே பொய் உண்மையாகிவிடும்.

6

இந்த ஆகஸ்டில் போனோம். பிரவீனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நானும் இனியாவும் மட்டும். போன மறுநாளே, நான் திட்டத்தை ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே, மாமா இனியாவை மடியில் உட்காரவைத்துக்கொண்டு இரண்டாவது டிஸ்கைச் செருகினார். டிவிக்குக் கீழே இருந்தது வேறு பெட்டி. புதியது, சின்னது, பளபளப்பானது.

திரையில் எழுத்து வந்தது: இந்தப் பதிவு வேறு பெட்டியில் செய்யப்பட்டது, இயக்க முடியாது.

மாமா கழற்றித் துடைத்து மறுபடி செருகினார். அதே எழுத்து. "பழைய பெட்டி எங்க மாமா?" என்றேன்.

"ஏப்ரல்ல சர்வீஸ் ஆள் வந்து மாத்திட்டான். பழசுக்கு இனிமே சிக்னல் வராதுன்னான்." டிஸ்கைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல வரலன்னா இன்னா, அங்க ஓடுதுல்ல? பாப்பாவுக்கு அங்க போய்ப் போட்டுக் காட்டு."

அப்போதும் நான் தப்பித்திருக்கலாம். சரி மாமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவர் தொடர்ந்து சொன்னார்:

"அந்தப் பையன்கூட கேட்டான், 'ஐயா, ரெக்கார்டிங் எதுனா வெச்சிருக்கீங்களா, இந்தப் பெட்டி போனா அது ஓடாது'ன்னு. நான் சிரிச்சேன். 'போப்பா, அதெல்லாம் ஜெர்மனியிலயே ஓடுது, எம் மருமக சொல்லுச்சு'ன்னு பெட்டியைத் தூக்கிக் குடுத்துட்டேன்."



"ஓடல மாமா. அங்க ஒருநாள்கூட ஓடல."

அவர் உடனே கத்தவில்லை. இனியாவை மடியிலிருந்து இறக்கிவிட்டார். டிவியை அணைத்தார்.

"ஒருநாள்கூடன்னா?"

"ஒரு நிமிஷம்கூட ஓடல."

"அப்ப மழை கதை?"

"குத்துமதிப்பா சொன்னேன் மாமா."

"ஏம்மா, மொத நாளே சொல்லியிருந்தா பேஜாரே இல்லையே! பட்டறையில சொல்லி ஒரு கிளாம்ப் அடிச்சு, போனை டிவிக்கு நேரா மாட்டி எடுத்திருப்பேனே! அரை மணி நேர வேலம்மா அது! நாலு மாசமா எதுல புடிச்சேன் நான்? யாருக்குப் புடிச்சேன்?"

கிளாம்ப். நான் திருட்டுத்தனமாகச் செய்யத் திட்டமிட்டிருந்ததைத்தான், அவர் முதல் நாளே வெளிப்படையாக, என்னைவிட நன்றாகச் செய்திருப்பார்.

அத்தை அடுப்படியிலிருந்து வந்தார். "விடுங்க, டிவிதானே" என்றார்.

"டிவி இல்லடீ. வாரா வாரம் என்னை உக்கார வெச்சு ஆட்டம் காட்டிக்கினு இருந்திருக்கு."

அத்தை என் பக்கம் திரும்பினார். "படிச்ச பொண்ணுன்னு நம்பினாரும்மா. நான் சொன்னா நம்ப மாட்டாரு, நீ சொன்னா நம்புவாரு." அதில் குத்தல் இருந்தது. ஆனால் பொய் இல்லை.

7

மறுநாள் தாம்பரம் மேற்கில் இருக்கும் டீலர் கடைக்கு நான் மட்டும் போனேன். பழைய பெட்டி வேண்டும் என்றேன்.

"மேடம், அதெல்லாம் அப்பவே கம்பெனிக்குப் போயிடுச்சு."

"அந்தப் பெட்டி நம்பர் இருக்கு. தேடிப் பாருங்க."

"கிடைச்சாலும் எல்லாம் அழிச்சிருப்பாங்க மேடம். பெட்டி அவங்க சொத்து."

"பெட்டி அவங்க சொத்து. நிகழ்ச்சி சேனல் சொத்து. அப்போ எங்களோடது என்ன?"

"ரிமோட் வெச்சிருந்தீங்கன்னா அது உங்களோடது" என்றார். பக்கத்தில் நின்றவர் சிரித்தார். நான் அந்த இடத்திலேயே சத்தம் போட்டேன், வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கடையில். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டார்.

மாலையில் பிரவீனை அழைத்துச் சொன்னேன். "ஏன் சொன்ன? அங்க ஓடுதுன்னே விட்டிருக்கலாம்ல" என்றார். அவர் அப்பாவிடம் பொய் சொல்லச் சொன்னவர் அவர். சொன்னவள் நான். அவரை அவருடைய அப்பா இன்றைக்கும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுகிறார். இதற்கும் எனக்குக் கோபம்தான்.

பதிவுசெய்வது சரியா தவறா என்று என்னைக் கேட்டால், பணம் கட்டிப் பார்ப்பவர் தன் வீட்டுக்குள் எந்த நேரத்தில் பார்ப்பார் என்று முடிவுசெய்ய எந்த நிறுவனத்துக்கும் உரிமை இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நிமிடப் படத்தைக்கூடக் காப்பாற்ற முடியாது. எனவே, பதிவுசெய்கிறவர்களே, முதல் நாள் பதிவானதை அன்றைக்கே வேறு ஒரு வீட்டுப் பெட்டியில் போட்டுப் பாருங்கள். வாங்கிக்கொள்கிறவர்களே, ஓடவில்லை என்றால் ஓடவில்லை என்று சொல்லுங்கள். அனுப்பியவர் நீங்கள் நினைப்பதைவிடத் திடமானவராக இருப்பார். என் மாமா அப்படித்தான் இருந்தார். அவர் உடைந்துவிடுவார் என்று நாங்கள்தான் நினைத்தோம்.

8

போன ஞாயிறு இனியாவுக்குக் காய்ச்சல். பள்ளி ஆரம்பித்த முதல் வாரமே. அழைப்பில் அத்தை பேசி முடித்ததும் மாமாவின் முகம் வந்தது. எதிர்பார்க்கவில்லை.

"காய்ச்சல் இப்ப எவ்ளோ?"

"குறைஞ்சிடுச்சு மாமா. நூறுக்கும் கீழதான்."

"நெசமாவா?"

இப்போதெல்லாம் அத்தையிடம் நான் எதைச் சொன்னாலும் பின்னாலிருந்து அவருடைய இதே கேள்விதான். சாப்பிட்டாள் என்றால் நெசமாவா, பள்ளிக்குப் போனாள் என்றால் நெசமாவா. குத்திக்காட்டுவதற்காகக் கேட்பதாகவும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்.

"நெசம்தான் மாமா."

அவர் திரையிலிருந்து நகரவில்லை. நான் எழுந்துபோய், படுத்திருந்த இனியாவின் கையிடுக்கில் தெர்மாமீட்டரை வைத்தேன். அது சத்தம் கொடுத்தது. பிறகு அதை எடுத்து கேமராவுக்கு நேரே பிடித்தேன்.

"இங்க சென்டிகிரேட் மாமா. முப்பத்தேழு புள்ளி நாலு."

"நீ சொல்லாத. கிட்ட காட்டு. நான் படிச்சுக்கிறேன்."

இன்னும் அருகில் பிடித்தேன். அவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, உதடு அசைய ஒவ்வொரு எண்ணாகப் படித்தார்.

"சரி" என்றார். போனை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.